வாசகர் கேள்வி–பதில்: மழை முடியட்டும் என்று சொன்ன தளபதி

தலைமைப் பொறுப்பு பற்றிச் சில வாரங்களாகவே கேள்விகள் வந்துகொண்டிருந்தன. தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒன்றாக வைத்துப் பேசலாம் என்று தோன்றியதால் இந்த இதழ் முழுக்க அவைதான்.

கேள்வி: பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்த என்னை இப்போது புரொடக்‌ஷன் மேனேஜர் ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் எதையும் பார்க்காமல்தான் மீட்டிங்குக்கு வருவார், ஆனால் பேச்சிலேயே ஆர்டர் கொடுக்கும் பையரைச் சமாளித்து அனுப்பிவிடுவார். எனக்கு அப்படிப் பேச வராது. பயமாக இருக்கிறது. (வாசகர், திருப்பூர்)

பதில்: உங்களுக்குப் பேச வராதது ஒரு குறையே இல்லை. அவர் பேசிச் சமாளித்த பிறகு அந்தத் தேதிக்குள் சரக்கை முடித்துக் கொடுத்தது யார்? லைனில் நின்றவர் நீங்கள், என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சாயம் போடும் டையிங்கிலிருந்து துணி என்றைக்கு வரும் என்று ஒரு போன் போட்டுக் கேட்காமலே 20-ம் தேதி ஷிப்மென்ட் என்று ஒத்துக்கொண்டு வந்துவிட்டால், துணி 15-ம் தேதி கட்டிங் டேபிளுக்கு வரும், மிச்சம் இருக்கும் 5 நாளில் 12 நாள் வேலையை யாராவது செய்தாக வேண்டும். அந்த யாராவது என்பது ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிற, இரவு எட்டு மணிக்குப் பிள்ளைக்குச் சாப்பாடு போட வீட்டுக்குப் போக வேண்டிய ஒரு அக்கா. அப்படியும் முடியாவிட்டால் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும், அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் அதிலேயே கரையும், அப்புறம் தீபாவளி போனஸ் பேச்சு வரும்போது "இந்த வருஷம் கையைக் கடித்துவிட்டது" என்பார்கள். மீட்டிங்கில் பேசியவருக்கு நல்ல பெயர்தான். விலை கொடுத்தது வேறு ஆள்.

தயாரிப்பு பற்றி என் கருத்து முழுக்க இதில்தான் நிற்கிறது. தலைவர் தயாராகாமல் வந்தால் நஷ்டம் பெரும்பாலும் அவருக்கு வருவதில்லை. அவருக்கு மேலே இருப்பவருக்கும் உடனே தெரிவதில்லை. கீழே இருப்பவர் உடம்பில்தான் போய் இறங்குகிறது. அதனால் தயாரிப்பை ஒரு திறமை என்றோ நல்ல பழக்கம் என்றோ சொல்லி நிறுத்திவிட எனக்கு மனம் வரவில்லை. நம்மை நம்பி நிற்பவர்களுக்கு நாம் கொடுக்கிற மரியாதை அது.

சரி, செய்ய வேண்டியது என்ன? மீட்டிங்குக்கு முந்தின நாள் நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு இடத்துக்கும் நீங்களே நடந்து போய், "இது முடிய நிஜமாக எத்தனை நாள் ஆகும்" என்று அங்கே வேலை செய்கிறவரையே கேளுங்கள். அவர் சொல்லும் நாளை ஒரு தாளில் எழுதி மீட்டிங்குக்கு எடுத்துப் போங்கள். பையர் தேதி கேட்கும்போது உங்கள் வாயிலிருந்து சரளமாக எதுவும் வராவிட்டாலும் பரவாயில்லை, அந்தத் தாளை எடுத்து வைத்து "இத்தனை நாள் ஆகும், காரணம் இது" என்று சொன்னால் போதும். கையில் கணக்கு இருக்கும்போது மெதுவாகப் பேசுகிறவரையும் உட்கார்ந்து கேட்பார்கள்.

கேள்வி: 1971 பாகிஸ்தான் போருக்கு முன் ராணுவத் தலைமைத் தளபதி மானெக்‌ஷா இந்திரா காந்தியிடம் "இப்போது முடியாது" என்று சொன்னதைப் பெரிய வீரமாகப் பேசுகிறார்கள். அந்த மாதங்களில் கிழக்கு வங்காளத்திலிருந்து (இன்றைய வங்கதேசம்) லட்சக்கணக்கான அகதிகள் வந்துகொண்டிருந்தார்கள். மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது காத்திருப்பதற்குப் பெயர் தயாரிப்பா? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: நல்ல கேள்வி, தம்பி. இந்தக் கதையைச் சொல்கிற பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் தன் சொந்த மக்கள் மீதே தாக்குதலைத் தொடங்கியது. எல்லை தாண்டி மக்கள் ஓடி வர ஆரம்பித்தார்கள், வருட முடிவில் அந்த எண்ணிக்கை 1 கோடி அளவுக்குப் போய்விட்டது. ஏப்ரல் மாதம் டில்லியில் நடந்த அமைச்சரவைக் கூட்டத்தில் உடனே ராணுவத்தை அனுப்ப முடியுமா என்று தன்னிடம் கேட்டார்கள், தான் முடியாது என்று சொன்னேன், ராஜினாமா செய்யவும் தயார் என்றேன் என்பது மானெக்‌ஷா பின்னாளில் பல மேடைகளில் சொன்ன செய்தி. அந்த அறையில் யார் எந்த வார்த்தையைப் பேசினார்கள் என்பதில் வரலாற்று ஆய்வாளர்கள் சிலருக்கு மாற்றுக் கருத்து உண்டு, அரசியல் தலைமையே அப்போது உடனடிப் போரை விரும்பவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். அதை ஒரு பக்கம் வைத்துவிடலாம். ஏப்ரலில் ராணுவம் போகவில்லை, டிசம்பரில் போனது. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அவர் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சில வாரங்களில் மழைக்காலம் தொடங்கிவிடும், கிழக்கு வங்காளத்தின் ஆறுகள் மழையில் கடல் மாதிரி விரியும், வயல்வெளியெல்லாம் சேறாகும், ரோட்டை விட்டு ஒரு வண்டியும் இறங்க முடியாது, மேகமூட்டத்தில் விமானப்படையும் உதவிக்கு வர முடியாது. இமயமலைக் கணவாய்கள் அப்போதுதான் பனி உருகித் திறக்கும், சீனா அந்தப் பக்கம் இறங்கினால் இரண்டு பக்கமும் சமாளிக்க வேண்டி வரும். அவருடைய படைப்பிரிவுகள் எல்லையிலிருந்து வெகுதூரத்தில் நாட்டின் வேறு வேறு மூலைகளில் இருந்தன, டாங்கிகளில் பெரும்பாலானவை ஓடும் நிலையிலேயே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக எனக்குப் பிடித்த காரணம் ஒன்று உண்டு. படையை நகர்த்த நாட்டின் ரயில் பெட்டிகள் எல்லாம் தேவைப்படும், அதுவோ வட இந்தியாவில் கோதுமை அறுவடை நேரம், தானியம் நகராமல் கிடந்தால் பஞ்சம் வரும் என்றார். ஒரு ராணுவத் தளபதிக்கு அறுவடைக் காலம் தெரிந்திருக்கிறது, ரயில்வேயிடம் எத்தனை பெட்டி இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கிறது. துப்பாக்கி எண்ணிக்கையோடு அவர் கணக்கு முடியவில்லை.

அடுத்த மாதங்களில் யாரும் சும்மா உட்காரவில்லை. திரிபுரா பக்கம் ரயில் அப்போது தர்மநகர் வரைதான், அதற்கு அப்பால் எல்லாம் மலைப்பாதை, லாரிதான் கதி. ராணுவத்தின் கிழக்குக் கட்டளையகத்தில் தளபதிக்கு அடுத்த நிலையில் 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' ஆக இருந்த ஜேக்கப், உத்தரவு வருவதற்காகக் காத்திருக்காமல் எரிபொருளும் குண்டுகளும் பாலம் கட்டும் சாமான்களும் எல்லை ஓரம் போய்ச் சேருகிற வேலையைப் பார்த்தார். கிழக்கு வங்காள விடுதலைப் படையான முக்தி வாஹினிக்குப் பயிற்சி நடந்தது. ஆகஸ்ட் 9-ல் சோவியத் யூனியனுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அக்டோபர், நவம்பரில் இந்திரா காந்தி லண்டன், வாஷிங்டன், பாரீஸ் என்று தலைநகரங்களுக்குப் போய் நம் பக்க நியாயத்தைப் பேசினார். டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் மேற்கு எல்லை விமானத் தளங்களைத் தாக்கியபோது கணவாய்களில் பனி, ஆறுகளில் தண்ணீர் குறைவு, சாமான்கள் இருக்க வேண்டிய இடத்தில். 13 நாளில் போர் முடிந்தது. டிசம்பர் 16 அன்று டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் தளபதி நியாஸி சரண் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார், ஏறக்குறைய 93,000 பேர் கைதானார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த எட்டு மாதங்களில் எல்லைக்கு அந்தப் பக்கம் கொலைகள் நிற்கவில்லை, இந்தப் பக்கம் முகாம்களில் காலராவில் குழந்தைகள் இறந்தார்கள். காத்திருப்பதற்கும் விலை இருந்தது, அதை மறைத்துவிட்டு மானெக்‌ஷாவைக் கொண்டாடுவது நேர்மையாக இருக்காது. ஆனால் தயாராகாமல் போவதன் விலை என்ன என்று பார்க்க நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை, அதற்கு வெறும் 9 வருடம் முன்னால் அது நம் கண்முன் நடந்தது. 1962 அக்டோபர் 12 அன்று கொழும்புக்குப் புறப்படும் வழியில் நேரு, சீனர்களை நம் எல்லையிலிருந்து வெளியேற்ற ராணுவத்துக்கு உத்தரவு கொடுத்திருப்பதாகப் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அப்போது வடகிழக்கில் சீன எல்லையோர நம்கா சூ ஆற்றங்கரையில், 10,000 அடிக்கும் மேலான உயரத்தில் நின்றிருந்த நம் சிப்பாய்களில் பலரிடம் பனிக்கான உடை கிடையாது, சமவெளியில் போடுகிற பருத்திச் சீருடையோடு இருந்தார்கள், குண்டுகள் கொஞ்சம், பீரங்கி ஆதரவு பெயருக்குத்தான். அங்கே பொறுப்பேற்ற தளபதி கவுல் மலை உயரத்தில் உடல்நலம் கெட்டு டில்லிக்குத் திரும்பி, படுக்கையிலிருந்தே உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். அக்டோபர் 20 காலையில் சீனப் படை இறங்கியது. ஒரே காலைப்பொழுதில் ஒரு பிரிகேட் சிதறிப்போனது.

உத்தரவு கொடுத்தவர்கள் யாரும் அந்த ஆற்றங்கரையில் இல்லை. 1962-ன் அந்தப் பருத்திச் சட்டையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். மானெக்‌ஷாவும் அப்போது ராணுவத்தில் இருந்தவர், அந்தத் தோல்விக்குப் பிறகு கவுலின் இடத்துக்கு அனுப்பப்பட்டவரே அவர்தான். இப்படிப்பட்ட ஒருவர் 1971-ல் ஒரு நாள்கூடக் குறைக்க மாட்டேன் என்று நின்றால் அதன் பின்னால் அந்தச் சிப்பாய்களின் முகம் இருந்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். கடைசிக் காலத்தில் அவர் குன்னூரில்தான் வாழ்ந்தார், 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். ஊட்டிக்குப் போகும்போது ஒருமுறை அங்கே பார்சி கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் அவருடைய கல்லறைக்குப் போய் நின்றுவிட்டு வாருங்கள்.

கேள்வி: எவ்வளவு திட்டம் போட்டாலும் முதல் நாளே எல்லாம் மாறிவிடுகிறது. எங்கள் ப்ராஜெக்டில் அப்படித்தான். அப்புறம் எதற்கு இத்தனை தயாரிப்பு? வருவதைப் பார்த்துச் செய்துகொள்ளலாமே? (டீம் லீடர், சென்னை)

பதில்: திட்டம் மாறும், உண்மை. ஆனால் மாறும்போது கையில் என்ன இருக்கிறது என்பது நீங்கள் முன்னால் செய்து வைத்ததைப் பொறுத்தது.

மேலே சொன்ன போரிலேயே ஒன்று சொல்கிறேன். சகத் சிங் என்ற தளபதியின் படை திரிபுரா பக்கமிருந்து டாக்காவை நோக்கிப் போனபோது குறுக்கே மேக்னா நதி. அஷுகஞ்ச் என்ற இடத்தில் அதன் மேல் ஒரு ரயில் பாலம் இருந்தது. பின்வாங்கிய பாகிஸ்தான் படை டிசம்பர் 9 அன்று அதை வெடி வைத்துத் தகர்த்துவிட்டது. பாலம் போனால் போனதுதான், அவ்வளவு அகலமான ஆற்றின் மேல் உடனே இன்னொன்று கட்ட முடியாது. சகத் சிங் அன்றே கைவசம் இருந்த எம்.ஐ-4 ஹெலிகாப்டர்களில் வீரர்களை ஏற்றி அக்கரையில் இறக்க ஆரம்பித்தார், இரவும் நிற்காமல். மிச்சப் பேர் உள்ளூர் மக்களின் நாட்டுப் படகுகளில் கடந்தார்கள். நீந்தக்கூடிய டாங்கிகள் வழியில் சூடாகி நின்றபோது அவற்றையும் படகுகள் இழுத்துப் போய்க் கரை சேர்த்தன.

இது தயாரிப்பே இல்லாமல் சமயோசிதமாகச் செய்தது போலத்தான் தெரியும். ஆனால் ஹெலிகாப்டர்கள் அந்தப் பக்கம் முன்கூட்டியே வந்து நின்றிருந்தன, இரண்டு நாள் முன்பு சில்ஹெட்டில் அதே வழியில் வீரர்களை இறக்கிப் பழகியிருந்தார்கள், எந்த வயலில் இறங்கலாம் என்பதைத் தளபதியே ஹெலிகாப்டரில் பறந்து பார்த்திருந்தார். அப்படிப் பறந்தபோது கீழிருந்து சுட்டதில் விமானி படுகாயம் அடைந்தார், அதற்குப் பிறகும் தளபதி நேரில் போய்ப் பார்ப்பதை விடவில்லை. படகுக்காரர்கள் உதவிக்கு வந்தது எப்படி? மாதக்கணக்காக முக்தி வாஹினியோடு நெருங்கிப் பழகியதால் வந்தார்கள்.

உங்கள் ப்ராஜெக்டுக்கு இதையே வைத்துப் பாருங்கள். எந்த வாரத்தில் எது முடியும் என்ற எக்செல் ஷீட் மாறிக்கொண்டேதான் இருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் டீமில் யாருக்கு எது தெரியும், ஒருவர் லீவில் போனால் அந்த வேலையை எடுக்க இன்னொருவர் பழகியிருக்கிறாரா, கிளையன்ட் பக்கம் நிஜமாக முடிவெடுப்பவர் யார், எது உடைந்தால் மொத்தமும் நிற்கும், இதெல்லாம் திட்டம் மாறினாலும் கூடவே வரும். இவற்றை முன்னால் தெரிந்துகொள்ளாத டீம் லீடர் சிக்கல் வந்த இரவில் எல்லாரையும் போனில் கூப்பிட்டு எழுப்புவார். தூக்கம் போவது யாருக்கு என்று மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: வரப்போகிற உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊராட்சியில் தலைவர் பதவிக்கு நிற்கலாம் என்று இருக்கிறேன். மகளிர் குழுவில் 11 வருடமாக இருக்கிறேன். "ஜெயித்த பிறகு எல்லாம் தானாகத் தெரிந்துவிடும், கிளர்க் பார்த்துக்கொள்வார்" என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இப்போதே நான் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? (வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: உங்களுக்குச் சரியாகப் படாதது சரிதான், சகோதரி. அந்த எண்ணத்தை விட்டுவிடாதீர்கள். நம் மாநில உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீதம் இடம் சட்டப்படி இருக்கிறது, ஆனால் பெயர் ஒருவருக்கு, அதிகாரம் இன்னொருவருக்கு என்று ஆகிவிடுகிற ஊர்களில் அது பெரும்பாலும் "கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற ஒரு வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறது. தயாராக இருப்பவரிடம் அந்த வாக்கியத்தைச் சொல்ல யோசிப்பார்கள்.

நான் சொல்வது மனுத்தாக்கலுக்கு முன்னால் இப்போதே செய்யக்கூடியவை. ஊரில் எத்தனை மேல்நிலைத் தொட்டி இருக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை லிட்டர், எந்த போர்வெல் கோடையில் வற்றுகிறது, டேங்க் ஆபரேட்டர் எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுகிறார், கடைசித் தெருவுக்கு எத்தனை குடம் வந்து சேருகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். டேங்க் ஆபரேட்டரோடு ஒரு நாள் காலை கூடவே போய்ப் பாருங்கள், எந்த வால்வு துருப்பிடித்திருக்கிறது என்பது உட்பட அவருக்குத் தெரிந்த அளவு அந்தக் குழாய்களைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாது. காலனிப் பகுதிக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள், அங்கே எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, மயானப் பாதை எப்படி இருக்கிறது என்று அங்கே இருக்கிற பெண்களோடு நடந்து பாருங்கள்.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூட்ட வேண்டும். இனி வருகிற ஒன்றையும் விடாதீர்கள், நோட்டோடு போய் உட்காருங்கள், வரவு செலவு படிக்கும்போது எந்தத் தலைப்பில் பணம் வருகிறது, எதில் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புரியாவிட்டால் எழுந்து கேட்பது உங்கள் உரிமை. போன கூட்டத்தில் போட்ட தீர்மானங்கள் என்ன ஆயின என்று கேளுங்கள். அப்புறம் செக். ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவர் கையெழுத்தோடு துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். ஜெயித்த பிறகு இருவருக்கும் ஆகாமல் போனால் டேங்க் ஆபரேட்டர் சம்பளம் முதல் எல்லாம் நின்றுவிடும், அப்படி நின்ற ஊர்கள் உண்டு. ஆகவே வார்டுகளில் நிற்கப் போகிறவர்கள் யார் யார், யாரோடு உங்களால் பேச முடியும் என்பதும் தயாரிப்பில் சேர்த்திதான்.

11 வருடம் குழு நடத்தியவர் நீங்கள். வாரச் சந்தா, உள்கடன், வங்கிக் கடன், தீர்மான நோட்டு என்று எல்லாமே உங்கள் கையில் பழகியது, ஊராட்சிக் கணக்கு அதைவிடப் பெரியதுதான், ஆனால் புரியாத வித்தை ஒன்றும் கிடையாது. "கிளர்க் பார்த்துக்கொள்வார்" என்று சொல்பவர்களிடம், கிளர்க் எழுதுவதை நான் படித்துப் பார்ப்பேன் என்று மட்டும் சொல்லுங்கள். ஊரைப் பற்றி எழுதிய அந்த நோட்டைப் பதவியேற்கும் நாளில் உங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குப் பிரச்சினை நேர்மாறு. சிறிய பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை நான். எல்லாத் தகவலும் கைக்கு வந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போகிறேன், மற்றவர்கள் என்னைப் பயந்தவள் என்கிறார்கள். (வாசகி, கோவை)

பதில்: 1971-லிருந்தே இதற்கும் ஒரு பதில் இருக்கிறது. முகாம்களில் காலரா என்று சொன்னேன் இல்லையா, மேற்கு வங்கத்தில் பன்காவ் என்ற ஊரில் திலீப் மஹலானபிஸ் என்ற மருத்துவர் வேலை பார்த்தார். தரையெல்லாம் நோயாளிகள், நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துகொண்டே வருகிறது. உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தால் காலரா நோயாளி பிழைப்பார் என்று டாக்காவிலும் கல்கத்தாவிலும் ஆய்வுகள் காட்டியிருந்தன, ஆனால் அவை மருத்துவர்களின் நேரடிக் கண்காணிப்பில் நடந்தவை. உறவினர்களே கலந்து கொடுக்கலாம் என்று சொல்ல அப்போது பலர் தயங்கினார்கள். அவர் தயங்கவில்லை. கல்கத்தாவில் பொட்டலம் கட்டி, கொண்டு வந்து, டிரம்களில் கரைத்து, தாய்மார்களிடமே கொடுத்துவிட்டார். அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடம் இறப்பு 30 சதவீத அளவிலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் கதையில் அந்த முகாமுக்குப் பெரிய இடம் உண்டு.

அவரிடமும் எல்லாத் தகவலும் இல்லை. ஆனால் அடிப்படை அவருக்கு உறுதியாகத் தெரியும், மிச்சத் தகவலுக்காக இன்னும் ஒரு வாரம் காத்திருந்தால் எத்தனை பேர் இறப்பார்கள் என்பதும் கண்முன் தெரிந்தது. நீங்களும் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், டீச்சர். நான் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளுக்கும் யார் கஷ்டப்படுகிறார்கள்? பள்ளிக் கழிப்பறைக் கதவு என்றால் பெண் பிள்ளைகள் தினமும் கஷ்டப்படுகிறார்கள், மூன்று கொட்டேஷன் வரக் காத்திருக்காமல் நாளைக்கே தச்சரைக் கூப்பிடுங்கள். பாடத்திட்டத்தையே மாற்றுவது என்றால் ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், யார் என்ன சொன்னாலும் பொருட்படுத்த வேண்டாம்.

கேள்வி: முன்னேற்பாடு செய்த தலைவரை யாரும் நினைவு வைப்பதில்லை. வெள்ளத்தில் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிய தலைவர் போட்டோதான் பேப்பரில் வருகிறது. அப்படி இருக்க அவர்கள் ஏன் தயாராக வேண்டும்? (வாசகர், கடலூர்)

பதில்: கடலூர்க்காரர் கேட்கும்போது இதில் இருக்கும் கோபம் புரிகிறது, எத்தனை புயலைப் பார்த்துவிட்டீர்கள். ஒடிசாவைச் சொல்கிறேன். 1999 அக்டோபர் 29 அன்று வந்த சூப்பர் புயலில் அங்கே ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். ஒரு மாதம் சொச்சத்தில் அன்றைய முதல்வர் பதவி விலக வேண்டி வந்தது. அதன் பிறகு பேரிடருக்கென்றே தனி ஆணையம் அமைத்தார்கள், கடலோரத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடங்களைக் கட்டி மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாகவும் பயன்படுத்தினார்கள், யார் யாரைத் தூக்கி வர வேண்டும், எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எங்கே நடக்க முடியாத முதியவர் இருக்கிறார் என்று ஊருக்கு ஊர் குழு போட்டு ஒத்திகை பார்த்தார்கள். 2013 அக்டோபர் 12 இரவு பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தபோது அதற்குள் 10 லட்சம் பேர் அளவுக்கு வெளியேற்றப்பட்டிருந்தார்கள், இறப்பு சில பத்துகளோடு நின்றது.

அதைச் செய்த அரசுக்கு மக்கள் திரும்பத் திரும்ப ஓட்டுப் போட்டார்கள், நவீன் பட்நாயக் 24 வருடம் முதல்வராக இருந்தார். புயல் மட்டும் காரணம் இல்லை, ஆனாலும் நினைவு வைப்பதில்லை என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. போட்டோவில் வராதது கூரையை உடைத்துக்கொண்டு போன காற்றில் உயிரோடு எழுந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

கேள்வி: எல்லாருக்கும் சொல்கிறீர்கள். நீங்கள் தயாராகாமல் போய் யாரையாவது கஷ்டப்படுத்தியது உண்டா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு நான்காவது நாள், எங்கள் தெருவில் சாமான் திரட்டி ஒரு லாரியில் நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோகிற பொறுப்பை நான்தான் எடுத்துக்கொண்டேன். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்திருந்த நேரம். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பழைய துணி மூட்டைகள், பிரெட், பிஸ்கட். வழியெல்லாம் ரோட்டோரத்தில் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் கொட்டிய பழைய துணி குவியல் குவியலாக நனைந்து கிடந்ததைப் பார்த்தபோதுதான் வயிற்றில் ஏதோ பிசைந்தது. மீனவர் குப்பம் ஒன்றில் லாரியை நிறுத்தினோம். ஒரு அம்மா வந்து மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். கணவனையும் பேத்தியையும் இழந்தவர் அவர். கோபமே இல்லாமல், "இதையெல்லாம் எங்கே தம்பி வைக்கிறது, இடம் இல்லையே" என்றார். அந்தத் துணியைப் பிரித்து ஓரமாக அடுக்கும் வேலையும் அன்று அவர்கள் தலையில்தான் விழுந்தது, எங்கள் லாரி இரவுக்குள் திரும்ப வேண்டியிருந்ததால்.

கிளம்புவதற்கு முன்னால் அவரிடமே கேட்டேன், என்ன வேண்டும் என்று. ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், சோறு வடிக்க மூடியோடு ஒரு குண்டான், குடிதண்ணீர் பிடிக்க இரண்டு குடம், பெண்களுக்கு உள்ளாடையும் மாதவிடாய்த் துணியும், இரவுக்கு ஒரு டார்ச் லைட். எத்தனை குடும்பம் என்றேன். அவர் விரல்விட்டு எண்ணாமல், தெருவைப் பார்த்துக்கொண்டே வீடு வீடாகப் பெயர் சொல்லி எண்ணினார், சில பெயர்களில் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போனார். 64 என்றார்.

பதினோரு நாள் கழித்து 64 ஸ்டவ், 64 குண்டான், 128 குடம், மற்றவையும் எடுத்துக்கொண்டு திரும்பப் போனோம். இந்த முறை லாரியிலிருந்து இறக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று மாலை அந்த வரிசையில் முதல் ஸ்டவ்வை அந்த அம்மாதான் பற்றவைத்தார், திரியை எனக்கு முன்னாலேயே இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு.